500 வருஷக் கல் பேசுகிறது! 100 வருஷக் காகிதம் பேசுமா?

திருவண்ணாமலை:-

தேரடி வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ராஜகோபுரம் தெரியும். 11 நிலை. 217 அடி உயரம். "இதைக் கட்ட ஆரம்பித்தது யார்?" என்று பக்கத்தில் பூ விற்கும் அம்மாவைக் கேளுங்கள். "கிருஷ்ணதேவராயருப்பா!" என்று பட்டென்று பதில் வரும்.

அதே தெருவில் இருக்கும் ஒரு பழைய மாடி வீட்டைக் காட்டுங்கள். "இந்த வீட்டுக்கு பிளான் பாஸ் ஆனது எந்த வருஷம்? அப்போது தெரு எத்தனை அடி அகலம்? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும், அண்ணே?" என்பார்கள்.

கோபுரத்துக்கு வயது 500. அந்த வீட்டுக்கு 100 கூட இருக்காது. 500 வருஷத்துக் கணக்கு நுனி நாக்கில் இருக்கிறது. 100 வருஷத்துக் கணக்கைத் தேட வேண்டியிருக்கிறது. இது என்ன விந்தை?

விந்தை என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. இதற்குள் வீடு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஓடை இருக்கிறது. மலை இருக்கிறது. மனித உயிரும் இருக்கிறது.

விவரம் வருமாறு:-

கோவில்தான் ரிக்கார்டு ஆபீஸ்!

அந்தக் காலத்தில் முனிசிபாலிட்டி கிடையாது. தாலுகா ஆபீஸ் கிடையாது. ஆனால் ரிக்கார்டு இருந்தது. எங்கே? கோவில் சுவரில்!

அண்ணாமலையார் கோவிலில் 9-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தில் இருந்து கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு எரிக்க ஏற்பாடு செய்தார், எந்த ஊரில் என்ன வருமானம் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. நிலம் கொடுத்தால் நாலு எல்லையையும் சொல்லி எழுதுவது அந்தக் கால வழக்கம். இன்றைக்குப் பத்திரத்தில் "கிழக்கே ரோடு, மேற்கே இன்னார் வீடு" என்று எழுதுகிறோமே, அதற்கு அப்பன் இதுதான்.

கிருஷ்ணதேவராயர் பெயரில் உள்ள 1516-17-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஆயிரங்கால் மண்டபத்தையும், சிவகங்கைத் தீர்த்தத்தையும், 11 நிலைக் கோபுரத்தையும் சொல்கிறது. மூன்றும் இன்றைக்கும் கண்ணெதிரே இருக்கின்றன. கோபுரத்தை முடித்து வைத்தது தஞ்சாவூர் நாயக்கர் செவ்வப்பர். ஒரு ஊரின் கட்டட வேலைத் திட்டம், அதே கட்டடத்தில் எழுதி இருக்கிறது!

அதற்கும் முன்பு போசள அரசர் மூன்றாம் வல்லாளர் இந்த ஊரைத் தலைநகராக வைத்திருந்தார். 1328-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர் இங்கிருந்து ஆட்சி செய்தார். அப்போது ஊருக்கு உண்ணாமுலைப் பட்டணம் என்றும் பெயர். அவர் பெயரில் வல்லாள மகாராஜா கோபுரம் இன்றும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே அவருக்குப் பிள்ளை என்பது ஊர் நம்பிக்கை. மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். ராஜா மறைந்து 680 வருஷம் தாண்டிவிட்டது. காகிதம் இல்லை, பேனா இல்லை. ஊரே சேர்ந்து வருஷா வருஷம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது!

ராஜராஜன் சொன்ன யோசனை!

பழைய கோவிலை இடித்துப் புதிதாகக் கட்டினால் கல்வெட்டு என்ன ஆகும்? இந்தக் கவலை 1,000 வருஷத்துக்கு முன்பே வந்திருக்கிறது.

அரியலூர் பக்கம் திருமழபாடியில் வைத்தியநாதர் கோவிலைப் புதுப்பிக்கச் சொன்னார் ராஜராஜ சோழர். இடிப்பதற்கு முன்னால் அங்கிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் பிரதி எடுக்கச் சொல்லி உத்தரவு. கட்டி முடித்த பிறகு, அவர் மகன் ராஜேந்திர சோழர் காலத்தில், அதைப் பார்த்துத் திரும்பவும் கல்லில் வெட்டினார்கள். அந்தச் செய்தியையும் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள்!

இடிக்கும் முன் பிரதி எடு! ஆபீஸ் மாற்றும்போதும் கட்டடம் இடிக்கும்போதும் பழைய பைல்களைச் சாக்கு மூட்டையில் கட்டி ஒரு மூலையில் போடுகிறவர்கள், ராஜராஜனிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஒரே ஊர்... நாலு பீரோ!

இனி காகிதத்தின் கதைக்கு வருவோம்.

1884-ல் சென்னை மாகாணத்துக்கு ஜில்லா முனிசிபாலிட்டிச் சட்டம் வந்தது. 2 வருஷம் கழித்து, 1886-ல், திருவண்ணாமலை முனிசிபாலிட்டி ஆயிற்று. 138 வருஷம் நகராட்சியாக இருந்துவிட்டு, 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது.

இந்த 138 வருஷத்தில் எத்தனை ரிக்கார்டு எழுதி இருப்பார்கள்!

பிறப்பு-இறப்புப் பதிவேடு, வீட்டு வரிப் பதிவேடு, கவுன்சில் கூட்டத் தீர்மானப் புத்தகம் என்று ஒரு வரிசை. தெரு, சாக்கடை, குடிநீர்க் குழாய், சந்தை, சத்திரம் என்று வேலைக் கணக்கு இன்னொரு வரிசை. வீடு கட்ட அனுமதி கேட்டு வந்த மனு, அதோடு வந்த நீல நிற பிளான். எந்த ஊர் நகர மன்றத்தை எடுத்துக்கொண்டாலும் இவை எல்லாம் இருந்தாக வேண்டும்.

ஆனால் திருவண்ணாமலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

முனிசிபாலிட்டி ஆரம்பித்த காலத்தில் திருவண்ணாமலை தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. தலைநகர் கடலூர். 1911-ல் திருவண்ணாமலைத் தாலுகாவை வட ஆர்க்காடு ஜில்லாவில் சேர்த்தார்கள். தலைநகர் வேலூர். 1989 செப்டம்பர் 30-ந்தேதி வட ஆர்க்காட்டைப் பிரித்து, திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் உண்டாக்கினார்கள். அப்போது அதற்கு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர்.

ஊர் நகரவில்லை. மலையும் நகரவில்லை. தலைநகர் மட்டும் கடலூர், வேலூர், திருவண்ணாமலை என்று நகர்ந்தது. கலெக்டர் ஆபீஸ் கடிதமும் அப்படியே நகர்ந்தது. மாகாண அரசு போட்ட உத்தரவுகளுக்கோ எழும்பூர் போக வேண்டும். அங்கே 1909-ல் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று இருந்ததுதான் 1973-ல் இந்தப் பெயருக்கு மாறியது.

ஆக, ஒரே ஊரின் சரித்திரம் நாலு ஊர் பீரோவில் பிரிந்து கிடக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த சொத்து மாதிரி!

புதுச்சேரிக்காரர் எடுத்த கணக்கு

ஐந்தாவதாக ஒரு பீரோவும் உண்டு. அது புதுச்சேரியில் இருக்கிறது.

1980-களில் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வாளர்கள் திருவண்ணாமலையைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். அது 5 பாகமாக வெளிவந்தது. கல்வெட்டு முழுவதையும் தொகுத்தவர் பி.ஆர். சீனிவாசன். கோவில் கட்டட அமைப்பை எழுதியவர் பிரான்சுவாஸ் லெர்னோ. பூஜை, திருவிழா பற்றி ஒரு பாகம். கோவிலைச் சுற்றியுள்ள சமுதாயம் பற்றி மரி லூயிஸ் ரெனிஷ் எழுதியது ஒரு பாகம்.

ஐந்தாவது பாகத்துக்கு ஊர்தான் நாயகன்! கிறிஸ்டோப் கில்மோட்டோ, ரெனிஷ், கட்டடக் கலைஞர் பியர் பிஷார் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது. ஒரு கோவில் நகரத்தின் கோவிலை மட்டும் பார்க்காமல் ஊரையும் பார்த்த புத்தகம்.

சந்தோஷம்தான். ஆனால் அந்த ஐந்தாம் பாகம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. நம்ம ஊர்த் தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் பிரெஞ்சு படிக்க வேண்டி இருக்கிறது!

தெருப் பெயரும் ரிக்கார்டுதான்!

காகிதம் இல்லாத இடத்தில் தெருப் பெயர் பேசும்.

கோவில் மதிலை ஒட்டி ஒத்தவாடைத் தெரு இருக்கிறது. ஒற்றை வாடை என்றால் ஒரு பக்கம் மட்டும் வீடு உள்ள வரிசை. இன்னொரு பக்கம் மதில் சுவர். பெயரைக் கேட்டாலே தெருவின் பிளான் தெரிந்துவிடுகிறது அல்லவா?

தேரடி வீதி என்றால் தேர் நிற்கும் இடம். பே கோபுரத் தெரு, திருமஞ்சன கோபுரத் தெரு என்றால் எந்த வாசலுக்கு நேரே என்று தெரியும். திருவூடல் தெரு என்றால் சுவாமியும் அம்மனும் ஊடல் கொள்ளும் திருவிழா ஞாபகம் வரும். செங்கம் ரோடு, போளூர் ரோடு, அவலூர்பேட்டை ரோடு, வேட்டவலம் ரோடு என்றால் அது போய்ச் சேரும் ஊரே பெயராக நிற்கிறது.

பெயர்ப் பலகையில் புதுப் பெயர் எழுதுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் பழைய பத்திரத்தில் பழைய பெயர்தான் இருக்கும். எந்த வருஷம் எந்தத் தெரு பெயர் மாறியது என்ற கவுன்சில் தீர்மானம் கையில் இல்லாவிட்டால், பத்திரத்தில் உள்ள தெருவும் கண்ணெதிரே உள்ள தெருவும் ஒன்றா என்றே சண்டை வரும்.

எம்டன் மூழ்கடித்த டவுன் பிளான்!

ஊரை எப்படி அமைப்பது என்ற படிப்பு நம் பக்கம் வந்த கதை சுவையானது.

ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ். ஊர் அமைப்பில் புலி. சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். உலக நகரங்களின் வரைபடம், படம் எல்லாம் சேர்த்துப் பெரிய கண்காட்சி நடத்த ஏற்பாடு. பொருள்களை எல்லாம் "கிளான் கிராண்ட்" என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22-ந்தேதி ராத்திரி சென்னையில் குண்டு போட்டதே, அதே எம்டன் கப்பல்தான் அக்டோபரில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. கெட்டிஸ் வருஷக்கணக்கில் சேர்த்த வரைபடம் அத்தனையும் கடலோடு போயிற்று!

"சரியான எம்டன்" என்று கெட்டிக்காரர்களைச் சொல்கிறோமே, அந்த எம்டன் செய்த காரியம் இது.

கெட்டிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் ஊரில் இருந்து புதிதாகச் சேர்த்து அனுப்பினார்கள். 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு மாகாணத்தின் பல ஊர்களை நேரில் நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். காஞ்சிபுரத்தைப் பார்த்துச் சொக்கிப் போனார். கோவில், தேர் வீதி, குளம், தோப்பு என்று அமைந்த நம் கோவில் நகரத்தை, வெள்ளைக்கார இஞ்சினீயர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். இடித்துத் தள்ளாதே, முதலில் ஊரைப் படி என்பது அவர் கொள்கை.

பிறகு 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம்.

ஊரைப் படி என்றார் கெட்டிஸ். எதை வைத்துப் படிப்பது? பழைய வரைபடம் வேண்டும். பழைய ரிஜிஸ்டர் வேண்டும்.

ஓ.மு., மூ.மு., ப.மு.!

ரிக்கார்டு ரூமுக்குள் ஒரு தனி பாஷை உண்டு. பைல் முடிந்ததும் அதன் தலையில் எழுத்துப் போடுவார்கள்.

ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. ஒரு வருஷம் வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. என்றால் மூன்றாண்டு முடிவு. ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு. இவை தவிர நிரந்தரமாக வைக்க வேண்டியவை தனி.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எல்லாக் காகிதத்தையும் என்றைக்கும் வைத்திருக்க முடியாது. ஆனால் தலையெழுத்து போடுகிறவர் குமாஸ்தா! அவர் அசந்துபோய் ஒரு ஓடைப் புறம்போக்கு பைலில் ப.மு. என்று போட்டுவிட்டால், 10 வருஷத்தில் அது குப்பைக்குப் போகும். 50 வருஷம் கழித்து ஓடை எங்கே என்று கோர்ட்டு கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

பைலுக்குத் தலையெழுத்து தப்பானால், ஊருக்குத் தலையெழுத்து தப்பாகும்!

அழிக்காமல் வைத்தாலும் ஆபத்து உண்டு. கரையான் வரும். ராமபாணப் பூச்சி துளைக்கும். கூரை ஒழுகும். அந்தக் காலத்துக் காகிதம் பழுப்பேறி, கை பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ஒரு குடும்பத்தின் அலைச்சல்

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா 1962-ல் பிறந்தவர். வீட்டில் பிறந்தார். பாட்டியும் மருத்துவச்சியும்தான் அப்போது ஆஸ்பத்திரி. வார்டில் யாரோ போய்ச் சொல்லி எழுதி வைத்தார்கள். பெயர் வைக்கவில்லை, "ஆண்" என்று மட்டும் எழுதி இருக்கும்.

இப்போது மகன் வெளிநாடு போகிறான். அப்பாவையும் கூட்டிப் போக ஆசை. பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிச் சான்று வேண்டும்.

"வருஷம் என்னங்க?"

"62-ங்க."

"கம்ப்யூட்டர்ல இல்லையே. பழைய ரிஜிஸ்டர் பார்க்கணும். தாத்தா பேரு, தெருப் பேரு, மாசம் எல்லாம் எழுதிக் குடுங்க."

இந்தப் பேச்சு எந்த ஊர் கவுண்டரிலும் நடக்கிற பேச்சுதான். அந்த ரிஜிஸ்டரில் அந்த ஒரு பக்கம் இருந்தால் வேலை முடிந்தது. அந்தப் பக்கம் மட்டும் செல்லரித்துப் போயிருந்தால்? "பதிவு இல்லை" என்று ஒரு காகிதம் வாங்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பதிவுக்குத் தனியாக அதிகாரி உத்தரவு வாங்க வேண்டும். அதற்குச் சாட்சி, அபிடவிட்டு, அலைச்சல்.

"ஒரு பக்கம் காகிதம்தானே" என்று நினைக்கலாம். அந்த ஒரு பக்கத்தில் ஒரு மனிதன் பிறந்திருக்கிறான்!

2023 அக்டோபர் 1-ந்தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிக்கூடம் முதல் ஓட்டர் லிஸ்ட் வரை பிறப்புச் சான்றிதழே முக்கிய ஆதாரம் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். அவர்கள் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கும். பழைய ஆட்களுக்குத்தான் பழைய ரிஜிஸ்டர்.

வீடும் அப்படித்தான். அண்ணன் தம்பி இருவர் தாத்தா வீட்டை விற்க நினைக்கிறார்கள். பாங்கி மூலப் பத்திரம் கேட்கும். டவுன் சர்வே நம்பர் கேட்கும். வீட்டு வரி எந்த வருஷத்தில் இருந்து யார் பெயரில் என்று கேட்கும். ஒரு இடத்தில் சங்கிலி அறுந்தால், வீடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மலை யாருக்குச் சொந்தம்?

இப்போது மலைக்கு வருவோம். 2,668 அடி உயர அண்ணாமலை. சுற்றி வர 14 கிலோ மீட்டர். பக்தர்களுக்கு மலையே சிவன்.

ஆனால் சர்க்கார் கணக்கில் மலை என்பது ஒரு சர்வே நம்பர்!

1930-களில் ஒரு வழக்கு. மலை அரசாங்கத்துக்குச் சொந்தமா, தேவஸ்தானத்துக்குச் சொந்தமா? 1896 செப்டம்பர் 1-ந்தேதி இந்த ஊருக்கு வந்து, பிறகு ஊரை விட்டே போகாத ரமண மகரிஷி, அந்த வழக்கில் 1938-ல் சாட்சியம் அளித்தார். மௌனத்துக்குப் பேர்போன மகான், மலைக்காகச் சாட்சி சொன்னார்!

எது கோவில், எது மலை, எது புறம்போக்கு, எது பட்டா என்ற கேள்வி அன்றோடு முடியவில்லை.

2002-ல் அண்ணாமலையார் கோவிலைத் தேசிய நினைவுச் சின்னமாக மத்தியத் தொல்லியல் துறை அறிவித்தது. ஊர் கொதித்தது. கடையடைப்பு, போராட்டம், சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு. 2004-ல் அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். கோவில் திரும்பவும் அறநிலையத் துறையிடம் வந்தது. 2023-ல் ராஜகோபுரத்துக்கு எதிரே கடை வளாகம் கட்டும் திட்டம் வந்தபோது, அதுவும் ஐகோர்ட்டு ஏறியது.

இப்படிப்பட்ட வழக்குகளில் வக்கீலின் வாதம் மட்டும் போதாது. பழைய வரைபடம் பேச வேண்டும். பழைய பதிவேடு பேச வேண்டும்.

அந்த டிசம்பர் 1

2024 டிசம்பர் 1-ந்தேதியைத் திருவண்ணாமலை மறக்காது.

பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. பேய் மழை. மலை அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. 7 பேர் பலி. அதில் 5 பேர் குழந்தைகள்.

ஊரே அழுதது. அதே மாதம் 13-ந்தேதி கார்த்திகை தீபம். நிபுணர்கள் மலையைச் சோதித்தார்கள். மலை ஏறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தீபம் ஏற்றினார்கள். ஆனால் மலை அடிவாரத்தில் 7 விளக்கு அணைந்து போயிருந்தது.

எந்தப் பாறை எப்போது உருளும் என்று பழைய ரிஜிஸ்டர் சொல்லாது. அது நிபுணர்கள் வேலை. ஆனால் மலையில் இருந்து தண்ணீர் இறங்கும் ஓடை எது, அது எந்தக் குளத்துக்குப் போனது, எந்த வருஷம் எந்த இடத்தில் முதல் வீடு வந்தது, அதற்கு வரி போட்டது யார், மின்சாரம் கொடுத்தது எப்போது என்று ரிஜிஸ்டர் சொல்லும்.

அடிவாரத்தில் குடிசை போட்டவர்கள் யாரும் ஆசைக்குப் போடவில்லை. ஊருக்குள் இடம் இல்லை, போட்டார்கள். வருஷக்கணக்கில் வரி கட்டியவர்களும் உண்டு. நாளைக்கு "இது ஆபத்தான இடம், காலி செய்" என்று சொன்னால், "நான் இத்தனை வருஷம் இங்கே இருக்கிறேன், எனக்கு மாற்று இடம் கொடு" என்று கேட்க அவர்களுக்கும் அதே ரிஜிஸ்டர்தான் துணை.

ஆக, காகிதம் அரசாங்கத்துக்கு மட்டும் ஆயுதம் இல்லை. ஏழைக்கும் அதுதான் கேடயம்!

நெருப்பு தின்றது, பள்ளம் விழுங்கியது

காகிதம் போனால் போனதுதான். சில சம்பவங்கள்:-

1981 ஜூன் முதல் தேதியை ஒட்டிய ராத்திரியில் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்கள், ஓலைச் சுவடிகள் சாம்பல் ஆயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். ஒரே பிரதியாக இருந்த சுவடியை யார் திரும்ப எழுதுவது?

2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் கலச மகால் தீப்பிடித்தது. ஆர்க்காட்டு நவாப் காலத்துக் கட்டடம். அதற்குள் அரசாங்க ஆபீஸ். தீயணைக்கப் போன வீரர் ஒருவர் உயிர் இழந்தார். பைல்கள் எரிந்து போயின.

2009 மார்ச் 3-ந்தேதி ஜெர்மனியில் கொலோன் நகரின் ஆவணக் காப்பகக் கட்டடமே சரிந்து பள்ளத்தில் விழுந்தது. பக்கத்தில் பாதாள ரயில் வேலை நடந்துகொண்டிருந்தது. 2 பேர் பலி. 1,000 வருஷத்து நகர ஆவணங்கள் சேற்றில் கிடந்தன. ஒவ்வொரு காகிதமாகப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, ஒட்டினார்கள்.

பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி! பாதுகாப்பான நாடு, பாதுகாப்பான கட்டடம் என்று எதையும் நம்ப முடியாது. ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். திருமழபாடியில் ராஜராஜன் சொன்னது அதைத்தான்.

10 ரூபாயில் கேட்கலாம்!

"இதெல்லாம் பெரிய மனுஷங்க விஷயம், நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? நமக்கும் வழி இருக்கிறது.

2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 4-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் ஆவணங்களை எல்லாம் வரிசைப்படுத்தி, அட்டவணை போட்டு வைத்திருக்க வேண்டும். இது சலுகை இல்லை, சட்டம்!

தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட்டு கட்டண ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடலாம். "எங்கள் தெருவின் பழைய வரைபடம் இருக்கிறதா? எங்கள் வார்டு ஓடையின் அகலம் பதிவேட்டில் எவ்வளவு? எந்த வருஷத்தில் இருந்து தீர்மானப் புத்தகங்கள் இருக்கின்றன?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "இல்லை" என்று பதில் வந்தாலும் நல்லதுதான். எது இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும்!

திருவண்ணாமலைக்கு இது தக்க சமயம். நகராட்சி மாநகராட்சி ஆகி இருக்கிறது. சுற்றிலும் உள்ள ஊராட்சிகளையும் சேர்த்து விரியும் திட்டம். ஊராட்சிகள் சேரும்போது அவற்றின் வரிப் பதிவேடும், குளத்துக் கணக்கும், பிறப்பு-இறப்புப் புத்தகமும் இடம் மாறும். ரிக்கார்டு தொலைவது அதிகமும் இப்படி இடம் மாறும்போதுதான். வீடு மாற்றும்போது நகைப் பெட்டியை யாராவது லாரியில் தூக்கிப் போடுவார்களா? மடியில் வைத்துக்கொண்டு அல்லவா போவார்கள்!

செய்ய வேண்டியது பிரம்மாண்டமான காரியம் ஒன்றும் இல்லை. என்னென்ன இருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல். பழைய பதிவேடுகளுக்கும் வரைபடங்களுக்கும் படம் எடுத்து ஒரு பிரதி. அந்தப் பிரதியை வேறு கட்டடத்தில் வைப்பது. ஒழுகாத ஒரு அறை. பொறுப்புக்கு ஒரு ஆள். பெரியவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய வரி ரசீதையும் பழைய போட்டோவையும் கேட்டு வாங்கிப் பிரதி எடுப்பது. அவ்வளவுதான்.

பவுர்ணமிக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். மலையைச் சுற்றுகிறார்கள். கோபுரத்தைப் பார்க்கிறார்கள். கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்குக் கோபுரம் போதும்.

ஊரில் இருக்கிறவர்களுக்குக் கோபுரம் மட்டும் போதாது. பிறந்ததற்கு ஒரு பக்கம் வேண்டும். குடி இருப்பதற்கு ஒரு நம்பர் வேண்டும். மழைத் தண்ணீர் போவதற்கு ஒரு கோடு வேண்டும்.

கிருஷ்ணதேவராயர் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். 1886-ல் இருந்து நம் தாத்தாக்கள் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கல் தானாக நிற்கும். காகிதம் தானாக நிற்காது. யாராவது காப்பாற்ற வேண்டும்.